வெளிநாட்டுப் படிப்புக்கு வழி பத்தாம் தரத்திலேயே ஆரம்பம்



"ஐயா, மகன் ஏ.எல். எழுதி முடிச்சிட்டான். வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா? ஏஜென்சிக்காரர் முற்பணம் கேட்கிறார்." இப்படிக் கேட்டு வருகிற பெற்றோரின் எண்ணிக்கை வருசத்துக்கு வருசம் கூடுது. கேட்பதில் தப்பே இல்லை. கொழுந்து பறிக்கிற கை தன் பிள்ளையின் கையில் பட்டம் இருக்கணும் என்று நினைப்பது நல்ல நினைப்புத்தான். ஆனால் கேள்வி வருகிற நேரம் பிந்திப் போகுது.

தேயிலைக் கன்றை இன்றைக்கு நட்டு நாளைக்குக் கொழுந்து எடுக்க முடியாது என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நட்டு, உரம் போட்டு, களை பிடுங்கி, வெட்டி விட்டு, சில வருசம் பார்த்த பிறகுதான் மட்டமான பறிப்பு வரும். வெளிநாட்டுப் படிப்பும் அப்படித்தான். பத்தாம் தரத்தில் இருந்து பதின்மூன்றாம் தரம் வரைக்கும் நாலு வருசம் இருக்கு. அந்த நாலு வருசத்தில் ஒவ்வொரு வேலையையும் அதனதன் நேரத்தில் செய்த குடும்பத்துக்குச் செலவு குறையும். செய்யாத குடும்பம் கடைசி மூணு மாசத்தில் எல்லாத்தையும் காசு கொடுத்து வாங்கப் பார்க்கும். தரகர்கள் காத்திருப்பது அந்த மூணு மாசத்துக்குத்தான்.

கரையோரம் சொல்லும் பாடம்

நான் இப்போது வேலை செய்வது புத்தளம் மாவட்டக் கரையோரத்தில். இங்கே தேயிலை இல்லை. தென்னந்தோட்டமும், இறால் பண்ணையும், கடலும்தான். மலையில் இருந்து இறங்கி வந்து தென்னந்தோட்டத்தில் தங்கிவிட்ட நம்ம ஆட்களும் இருக்காங்க. இந்தக் கரையில் 'வெளிநாடு' என்ற பேச்சு இல்லாத வீடு குறைவு. அதனால் மலையில் இருக்கிற உங்களுக்கு இங்கே பார்க்கிறதைச் சொல்வது பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வென்னப்புவ பகுதியை 'சின்ன இத்தாலி' என்று சொல்வார்கள். 1980களில் இருந்து அந்தப் பக்கத்து ஆட்கள் இத்தாலிக்குப் போய், வீட்டு வேலையும் வயதானவர்களைப் பார்க்கும் வேலையும் செய்து காசு அனுப்பினார்கள். அந்தக் காசில் எழும்பின மாடி வீடுகளைக் கொழும்பு வீதியில் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். பிறகு வந்தது படகுக் காலம். 2012ஆம் வருசம் மட்டும் இலங்கையில் இருந்து 6,000 பேருக்கு மேல் படகில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த மேற்குக் கரையில் இருந்தும் படகு கிளம்பியது. 2013 செப்டெம்பரில் ஆஸ்திரேலியா படகுகளைத் திருப்பி அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது மறுபடி படகு ஏறினவர்களும் திருப்பித்தான் அனுப்பப்பட்டார்கள். படகுக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை. நகையும் காணியும் அடகில் மூழ்கினது மட்டும் மிச்சம்.

இப்போது அதே கடைத்தெருக்களில் மாணவர் விசா என்ற விளம்பரப் பலகை தொங்குது. இந்த வழி சட்டப்படியான வழி. ஒழுங்காகப் போய்ப் படித்து நல்லா இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் சில தரகர்கள் விசாவை ஒரு படகுச் சீட்டு மாதிரி விற்கிறார்கள். "போனால் போதும், படிப்பைப் பிறகு பார்க்கலாம், வேலை செய்து கடனை அடைக்கலாம்" என்பதுதான் அவர்களின் பேச்சு. இந்தப் பேச்சைக் கேட்டால் உடனே எழும்பி வந்துவிடுங்க. படிக்கப் போகிற பிள்ளைக்குப் படிப்புத்தான் விசா. வகுப்புக்குப் போகாவிட்டால் விசா ரத்தாகும், கட்டின காசும் போகும்.

முதலில் நம் நாட்டுக் கதவைத் தட்டுங்க

வெளிநாட்டைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு விசயம். நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. மஹாபொல புலமைப்பரிசிலும் இருக்கு. இடம்தான் குறைவு. உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்குது.

இடம் பிரிக்கும் முறையைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்கணும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்ட ரீதியில் போகும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி இருக்கு. புத்தளமும் இருக்கு. ஆகவே கொழும்புப் பிள்ளையின் இசட் புள்ளியைப் பார்த்து நம்ம பிள்ளை மனம் உடைய வேண்டாம். நம்ம மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பாருங்க.

உயர்தரத்தில் நல்லாச் செய்த பிள்ளைக்கு இந்தக் கதவும் திறக்கும், வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கதவும் திறக்கும். இரண்டுக்கும் சாவி ஒன்றுதான். "வெளிநாடு போகத்தானே போறான், ஏ.எல். எப்படி வந்தால் என்ன" என்று விடுவது பெரிய நட்டம்.

தரம் 10: பத்திரங்களைச் சரி செய்யும் வருசம்

நம்ம குடும்பங்களில் முதல் முட்டுக்கட்டை காசு இல்லை, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், அப்பாவின் அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. தோட்ட ஆஸ்பத்திரியில் சொன்னது ஒன்று, பதிவாளர் சிங்களத்தில் எழுதினது ஒன்று, பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது ஒன்று. உள்ளூரில் இதை யாரும் பெரிசாக எடுக்க மாட்டாங்க. வெளிநாட்டுத் தூதரகம் எடுக்கும். ஒரு எழுத்து மாறினாலும் "இது வேறு ஆள்" என்று கடுதாசி வரும்.

ஆகவே பத்தாம் தரத்தில் செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அடையாள அட்டைகள் எல்லாத்தையும் ஒரே மேசையில் விரித்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்க. பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்க. இதற்கு மாதக் கணக்காகும், சில நேரம் வருசமே போகும். பிள்ளைக்கு 15 வயது முடிந்தால் தேசிய அடையாள அட்டை எடுக்கலாம். பாடசாலை அதிபர் மூலம் விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் முன் பெயர் சரியாக இருக்கணும். பரீட்சைச் சான்றிதழில் ஏறின பெயரை மாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

பாஸ்போட்டை இப்போதே எடுக்க அவசரமில்லை. பத்தரமுல்லை வரைக்கும் போக வேண்டும் என்றும் இல்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியிலும் குருணாகலிலும் கிளை இருக்கு. மலைப்பக்கத்தவர் கண்டிக்குப் போகலாம், எங்களுக்குக் குருணாகல் பக்கம்.

தரம் 11: பாடத்துறையைத் தெரிவு செய்யும் வருசம்

ஓ.எல். முடிந்து உயர்தரத்தில் எந்தப் பாடத்துறை எடுப்பது என்பதுதான் பிள்ளையின் வாழ்க்கையில் பெரிய சந்தி. பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும் இருப்பதால் பிள்ளை கலைப்பிரிவு எடுக்குது. பிறகு பொறியியல் படிக்க ஆசைப்பட்டால் எந்த நாட்டிலும் நல்ல பல்கலைக்கழகம் எடுக்காது. பொறியியலுக்குக் கணிதமும் பௌதிகமும் வேணும். மருத்துவத்துக்கு உயிரியலும் இரசாயனமும் வேணும். கணினி, தொழில்நுட்பம், வர்த்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிபந்தனை. விஞ்ஞானப் பிரிவு தமிழ் மொழியில் உள்ள பாடசாலை தூரமாக இருக்கலாம். மலையிலும் இதே குறை, இந்தக் கரையிலும் இதே குறை. தூரம் போய்த் தங்கிப் படிக்கப் பிள்ளைக்கு விருப்பமும் திறமையும் இருந்தால், அந்த இரண்டு வருசச் செலவுதான் பயனுள்ள செலவு. தரகருக்குக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கணிதத்திலும் ஆங்கிலத்திலும் ஓ.எல். பெறுபேறு நல்லா இருக்கணும். பல நாடுகள் உயர்தரத்தோடு ஓ.எல். பெறுபேற்றையும் கேட்கும்.

தரம் 12: ஆங்கிலத்துக்குரிய வருசம்

இந்தியாவில் கூட, தமிழ்நாட்டில் கூட, பொறியியலும் விஞ்ஞானமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறாங்க. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்றால் ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற பரீட்சை எழுதணும். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நாலு பகுதி. பெறுபேறு இரண்டு வருசத்துக்குத்தான் செல்லும். அதனால் பன்னிரண்டாம் தரத்திலேயே எழுதிவிடத் தேவையில்லை. பயிற்சியை மட்டும் இப்போதே தொடங்கணும். மூணு மாசப் பயிற்சி வகுப்பு ஆங்கிலம் தராது, பரீட்சையின் வடிவத்தைத்தான் சொல்லித் தரும்.

"டவுனில் பிறந்திருந்தால் ஆங்கிலம் வந்திருக்கும்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1807இல் இந்தக் கரையில் கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அந்தக் காலத்தில் கற்பிட்டி ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே வளர்ந்த மனிதர் தமிழோடு பல மொழிகளைக் கற்று, 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு பெரிய விவர நூல் வெளியிட்டார். பிறகு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். ஊர் சின்னது என்பதால் மொழி வராமல் போகாது. தினம் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகையைச் சத்தமாக வாசியுங்க. தெரியாத ஐந்து சொல்லை எழுதி வையுங்க. உயர்தரத்தில் பொதுஆங்கிலப் பாடம் இசட் புள்ளிக்குச் சேராது என்று சொல்லி அந்தப் பாடவேளையில் ஓடிப் போகாதீங்க.

தரம் 13: புலமைப்பரிசில் தேடும் வருசம்

நம்ம பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கதவு இந்தியா. இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்கு வருசா வருசம் புலமைப்பரிசில் கொடுக்குது. நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கு. ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பப் பொறியியலுக்கு. மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் பட்டம் முடித்து மேலே படிக்கிறவர்களுக்கு. இவற்றில் படிப்புக் கட்டணம் முழுதும், மாதாந்தக் கொடுப்பனவும், தங்குமிடக் கொடுப்பனவும், புத்தகத்துக்கு உதவியும் அடங்கும். இலங்கையின் கல்வி அமைச்சுத்தான் விண்ணப்பம் கோரி, உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்துத் தெரிவு செய்யும். இடையில் தரகருக்கு வேலையே இல்லை. மருத்துவப் படிப்பு இதில் சேராது என்பதையும் மனதில் வையுங்க.

உள்ளூரில் படிக்கிறவர்களுக்கும் உதவி இருக்கு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1940களில் தொடங்கின இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தர, பல்கலைக்கழக மாணவருக்கு உதவி செய்யுது. மகாத்மா காந்தி புலமைப்பரிசில் உயர்தர மாணவருக்கு. இவற்றின் விவரத்தைக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்கலாம்.

ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலில் பட்டப்படிப்புக்கு ஒரு வருசம் மொழிப் பயிற்சியோடு சேர்த்து ஐந்து வருசம். பாகிஸ்தான் அரசின் அல்லாமா இக்பால் புலமைப்பரிசிலும் இலங்கை மாணவருக்கென்று இருக்கு. அமைச்சின் அறிவித்தலையும் பத்திரிகையையும் பார்த்துக்கொண்டே இருங்க. முடிவு திகதிக்கு முதல் வாரத்தில் பத்திரம் தேடி ஓடாமல் இருக்கத்தான் பத்தாம் தரத்தில் பெயரைத் திருத்தச் சொன்னேன்.

பரீட்சைச் சான்றிதழை வெளிநாட்டுக்குக் கொடுக்கும் முன் பரீட்சைத் திணைக்களமும், பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் அத்தாட்சிப்படுத்தணும். அந்தப் பிரிவுக்கும் கண்டியிலும் குருணாகலிலும் அலுவலகம் இருக்கு.

காசுக் கணக்கை வாய் விட்டுச் சொல்லுங்க

புலமைப்பரிசில் இல்லாமல் சொந்தக் காசில் போவது என்றால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவை எடுப்போம். 2025 ஜூலையில் இருந்து மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டொலர். விசா மறுத்தால் அந்தக் காசு திரும்பாது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், மாதம் 25 நாள் வேலை செய்கிற ஒருவரின் கிட்டத்தட்ட ஒரு வருசச் சம்பளம் அது. பிள்ளையின் ஒரு வருசச் சீவியத்துக்குக் கையில் இருக்க வேண்டும் என்று 2024 மே மாதம் குறித்த தொகை 29,710 டொலர். நம் காசில் ஐம்பது லட்சத்துக்கு மேல். படிப்புக் கட்டணமும் விமானச் சீட்டும் அதற்கு வெளியே. சம்பளம் பிறகு கூடினதைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு பெரிசாக மாறாது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு வருசச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கின கணக்கில் போட்டுக் காட்டணும் என்று 2024 செப்டெம்பரில் விதித்தார்கள். நம்ம உயர்தரத்தோடு நேரே சேர முடியாமல் ஒரு வருசம் ஆயத்தப் படிப்புப் படிக்கவும் நேரலாம். 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு.

"பாங்கில் காசு காட்டுவதற்கு நாங்க ஏற்பாடு செய்றோம்" என்று தரகர் சொன்னால் மிகவும் கவனம். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் ஆஸ்திரேலியாவுக்கு மூணு வருசமும், இங்கிலாந்துக்குப் பத்து வருசமும் விசா கிடைக்காமல் போகலாம். பிடிபடுவது தரகர் அல்ல, உங்க பிள்ளை.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று: பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர் என்ன, எந்த ஊர்? அதை எழுதி வாங்கி, கொழும்பு வோட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பட்டம் இங்கே அங்கீகாரம் உள்ளதா என்று கேளுங்க.

இரண்டு: வந்திருக்கிற அனுமதிக் கடிதம் பட்டப்படிப்புக்கா, மொழி வகுப்புக்கா? நிபந்தனை உள்ள கடிதமா? மலையில் இருந்து வந்த ஒரு குடும்பம் கொண்டு வந்து காட்டின கடிதத்தை வாசித்தபோது அது ஆறு மாச மொழி வகுப்புக்கு மட்டும்தான் என்று தெரிந்தது. அதற்கிடையில் தாயின் தாலிக்கொடி அடகுக்கடையில் இருந்தது.

மூன்று: படிப்புக் கட்டணம் யார் கணக்குக்குப் போகுது? வங்கி மூலம் நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகணும். கையில் கொடுக்கச் சொன்னால் கொடுக்க வேண்டாம்.

நான்கு: விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்? எழுத்தில் வேணும்.

ஐந்து: மூலப் பத்திரங்களைத் திருப்பித் தருவீங்களா? பாஸ்போட்டையும் சான்றிதழையும் அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீங்க. பிரதி கொடுங்க, ரசீது வாங்குங்க.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்கினால் அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான அனுமதி. படிப்புக்கு அது உத்தரவாதம் அல்ல.

மருத்துவம் படிக்க அனுப்புகிறவர்கள் இலங்கை மருத்துவ சபையிடம் முதலில் கேட்கணும். சபை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகமாக இருக்கணும், உயர்தரத்தில் சபை சொல்லும் தேர்ச்சி இருக்கணும். திரும்பி வந்த பிறகும் சபையின் பரீட்சை எழுதி வென்றால்தான் இங்கே வைத்தியராகலாம். ஆறு வருசம் செலவழித்த பிறகு இதைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி

மகனுக்கு என்றால் நகையை அடகு வைக்கிற வீட்டில், மகள் கேட்டால் "அவ்வளவு தூரம் எப்படித் தனியா" என்று சொல்றாங்க. அந்தப் பயம் எனக்கும் விளங்குது. ஆனால் இதே குடும்பங்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்கும், பிறகு குவைத்துக்கும் சவூதிக்கும் அனுப்பி இருக்காங்களே. அதைவிடப் பல்கலைக்கழக விடுதி பாதுகாப்பான இடம். பதிவு இருக்கு, பொறுப்பாளர் இருக்காங்க, கூடப் படிக்கிற பிள்ளைகள் இருக்காங்க. பெறுபேறு மகளுக்கு நல்லா இருந்தால் விண்ணப்பம் மகள் பெயரில் போகட்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

பிள்ளை இப்போது பத்தாம் தரத்தில் என்றால் பத்திரங்களை எடுத்து எழுத்துப் பாருங்க. பதினோராம் தரம் என்றால் வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பாடத்துறை பற்றிப் பேசுங்க. பன்னிரண்டு என்றால் ஆங்கிலம். பதின்மூன்று என்றால் புலமைப்பரிசில் அறிவித்தல். ஒரு தபால் அலுவலகச் சேமிப்புப் புத்தகமோ வங்கிக் கணக்கோ பிள்ளை பெயரில் திறந்து, சம்பள நாளில் கொஞ்சமாவது போடுங்க. விண்ணப்பச் செலவுக்கும், பத்திரச் செலவுக்கும், கொழும்புக்குப் போய் வரவும் அது உதவும். வட்டிக்கு வாங்கத் தேவை வராது.

எங்கேயாவது கையெழுத்துப் போடும் முன், முற்பணம் கொடுக்கும் முன், கடிதத்தை உங்க தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ பாடசாலை அதிபரிடமோ கொண்டு வந்து ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்க. அதற்குக் காசு இல்லை. வாசித்துச் சொல்வது எங்கள் கடமை.